நான் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் படித்தவனுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்புகிற நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நான் ஏமாற்றியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கும் அதே நம்பிக்கை இருந்ததுதான் கோளாறு.

அந்த நல்லவர் சரோஜா மேடம். அரியலூர் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியின் தலைமையாசிரியை. நான் அங்கே புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் வாத்தியார். (மாணவர்கள் 'சார்' என்று கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். அவ்வளவு புதிது.)

ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பதினான்கு வருஷமாக ஓடியது. வெள்ளையாக வந்து, நாளாக ஆக டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சுவிட்சைப் போட்டால் முதலில் பம்புசெட் மாதிரி ஓர் உறுமல், பிறகு நீண்ட இருமல். அது நினைவு திரும்பி எழுவதற்குள் மேடம் எல்லா வகுப்பறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். ஆனால் ஒரு நாள்கூட எழாமல் இருந்ததில்லை.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் அதன் மேல் தீர்ப்பு எழுதினேன்.

"மேடம், இது மியூசியத்துல இருக்க வேண்டியது. இப்ப வர்ற புதுசெல்லாம் இம்புட்டு மெல்லிசு. சத்தமே வராது."

"இது நல்லாத்தானே சார் ஓடுது?"

"ஓடும் மேடம். என்னிக்காவது கழுத்தறுத்துடும்."

கழுத்து அறுபட்டது உண்மை. அறுத்தது எது என்பதில்தான் என் கணக்குத் தப்பியது.

புதுசு வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபத்திரண்டு பேரின் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், போட்டோ எல்லாவற்றையும் பழையதிலிருந்து அதற்கு மாற்றினேன். பொதுத்தேர்வுக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் அது. ஒரு மாதம் வீடு வீடாகப் போன் போட்டுத் திருத்தியது. இன்னொரு பிரதி வேண்டாமா என்று மேடம் கேட்டபோது, "இதுல எதுவும் அழியாது மேடம்" என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.) பழையது ஒரு லோடு ஆட்டோவில் ஏறிப் பெரம்பலூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனது.

நாற்பதாவது நாள். பட்டியலை இணையத்தில் ஏற்றக் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. காலையில் புதுசை ஆன் செய்தேன். நான் சொன்ன மாதிரியே சத்தமே வரவில்லை. படமும் வரவில்லை.

விற்ற கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். திறந்தார், மூடினார்.

"டிஸ்க் போயிடுச்சு சார்."

"வாங்கி நாப்பது நாள்தாங்க ஆவுது!"

"அதான் வாரண்டியில மாத்தித் தர்றோமே. சந்தோஷப்படுங்க."

"உள்ள இருந்த பட்டியல்?"

"அதுக்கு வாரண்டி கிடையாது சார். இப்ப வர்ற சரக்கெல்லாம் இப்படித்தான், எப்ப போவும்னு சொல்ல முடியாது. பழசு ஒண்ணு வச்சிருந்தீங்கள்ல, அதுல இருக்குமே? அந்தக் காலத்துது சாவாது சார்."

மேடம் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிள்ளைங்க பரீட்சை சார்" என்று மட்டும் சொன்னார்.

ஒரே ஒரு நம்பிக்கை, என் சோம்பேறித்தனம். பழையதை அனுப்பும்போது உள்ளே இருந்ததை அழிக்க வேண்டும் என்று நினைத்து, அழிக்காமல் விட்டிருந்தேன். லோடு ஆட்டோக்காரரிடம் கடை விலாசம் கேட்டுக்கொண்டு பைக்கில் பறந்தேன். அந்தச் சாலையில் பைக்கில் போகிறவனுக்கு சிமென்ட் லாரிகள் இலவசமாகப் பவுடர் பூசிவிடும். பெரம்பலூரில் இறங்கியபோது புருவம் வரை வெளுத்திருந்தேன்.

கடை வாசலில் தராசுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் கடைக்காரர், அஞ்சலை அக்கா.

"யாருப்பா, வெள்ளையடிக்கிற ஆளா? இங்க வேலை ஒண்ணுமில்லயே."

"நான் வாத்தியாருங்க."

"வாத்தியாரா!" என்று அவர் வாயில் கை வைத்த நேரத்தில், உள்ளேயிருந்து அந்த உறுமல் கேட்டது. பிறகு இருமல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (சிமென்ட் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.)

அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் என் மியூசியப் பொருள். அதன் முன்னால் ஒரு பெண் அரசுத் தேர்வுக்குத் தட்டச்சுப் பழக உட்கார்ந்திருந்தாள்.

"உடைக்கலாம்னுதான் எடுத்தேன்" என்றார் அஞ்சலை அக்கா. "எம் பொண்ணு கலா பிளக்கைச் சொருகிப் பாத்துச்சு. ஓடுச்சு. ஓடுறத எப்படி உடைக்கிறது?"

"இதுல பிள்ளைங்க போட்டோ, பேரெல்லாம்..." என்று நான் திணற, கலா ஒரு கோப்புறையைத் திறந்தாள். 'யாரோ பிள்ளைங்க' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அறுபத்திரண்டு முகமும் பத்திரமாக இருந்தன.

"அழிக்க மனசு வரலைங்க" என்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வழியில் வாங்கிய புது பென்டிரைவைச் சொருகினேன். அது பிறக்கும்போதே இறந்திருந்தது. மணி மூன்று. வேறு வழியில்லாமல், கலாவின் போன் இணைப்பில், அங்கேயே கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து ஏற்ற ஆரம்பித்தேன். நான் அவசரத்தில் தப்புத் தப்பாகத் தட்டுவதைப் பார்த்து அவளே விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். நான் பெயர் வாசிக்க, அவள் சரிபார்த்து ஏற்றினாள். ஒவ்வொரு போட்டோவுக்கும் கம்ப்யூட்டர் ஒரு தடவை இருமியது.

நாலரைக்கு வாசலில் பள்ளி வேன். மனசு தாங்காமல் மேடமே வந்துவிட்டார்.

"இது எங்க கம்ப்யூட்டராச்சே!"

"உங்களுதுதாங்க" என்றார் அஞ்சலை அக்கா, டீயை நீட்டியபடி. "ஆகாதுன்னு எவனோ வெவரங்கெட்டவன் கழிச்சுட்டானாம்."

அந்த விவரங்கெட்டவன் நாற்பத்தொன்பதாவது பெயரைக் கொஞ்சம் சத்தமாக வாசித்தான்.

ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது அறுபத்திரண்டாவது பிள்ளையும் ஏறியது. மேடம் இரண்டு கைகளாலும் கலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அந்தக் கம்ப்யூட்டரைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். அஞ்சலை அக்கா அசையவே இல்லை.

"வேற எது வேணாலும் கேளுங்கம்மா. இதுலதான் எம் பொண்ணு படிக்குது."

அன்றிலிருந்து எனக்குப் புதுப் பொருள்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது. பள்ளிப் பட்டியல்களின் பிரதி ஒன்றை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்துவர, மேடத்திடம் அனுமதி வாங்கிச் சனிக்கிழமைதோறும் பெரம்பலூர் போனேன். என் கடமையுணர்ச்சியை மேடம் ஆசிரியர் கூட்டத்தில் பாராட்டினார். ஆறு மாதம் கழித்து, "பட்டியல்ல ஒரு எழுத்துகூட மாறல. எதுக்கு சார் வாராவாரம் வர்றீங்க?" என்று கலா கேட்டாள். அன்றைக்கு வரும் வழியில் சிமென்ட் லாரி எதுவும் எதிரே வரவில்லை. என் முகம் சிவந்தது அப்படியே தெரிந்திருக்கும்.

இப்போது கலா ஒரு தாலுகா ஆபீஸில் தட்டச்சர். எங்களுக்கு ஒரு மகள். கல்யாணத்துக்குப் பின் நான் வாங்கியதில் இரண்டு லேப்டாப் செத்துவிட்டன; மூன்றாவது சூடாகிறது.

சொந்தத்தில் புதிதாக யார் வந்தாலும், வாத்தியார் சம்பந்தம் எப்படி அமைந்தது என்று கேட்பார்கள். என் மாமியார் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, என் எதிரிலேயே சொல்வார்:

"மாப்ள கம்ப்யூட்டரைத்தாங்க கேட்டு வந்தாரு. அதைக் குடுக்க எனக்கு மனசில்ல. பாவம், வெறுங்கையோட அனுப்பக் கூடாதேன்னு பொண்ணைக் குடுத்து அனுப்புனேன்."