பாம்பில்லாத தீவுக்குக் கொண்டுபோன மடு மண்

படித்த பெண் உலகத்தின் எந்த மூலைக்கும் துணிந்து போகலாம். பெட்டியை மட்டும் அம்மாவிடம் அடுக்கக் கொடுக்கக் கூடாது.

நான் படித்தவள். (இதைச் சொல்லாமல் எனக்கு எதையும் எழுத வராது.) மன்னாரிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த அம்மா, சிஞ்ஞோராமார் என்கிற அந்த ஊர்ச் சீமாட்டிகளின் வீடுகளைத் துடைத்துப் படிப்பித்ததில், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனேன். உயிரியல் படித்தேன். அந்தப் படிப்புத்தான் தென்துருவத்தை அண்டிய ஒரு தீவுக்குப் போகும் கப்பலில், இத்தாலியப் பயணிகளுக்கு மொழிபெயர்க்கும் வேலையையும் தந்தது.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "அங்கை பாம்பு இருக்குமோ பிள்ளை?"

"அந்தக் குளிருக்குப் பாம்பு வராதம்மா."

"ஓம், ஓம்" என்றார். நம்பவில்லை என்று அர்த்தம்.

தீவில் இறங்குவதற்கு முதல்நாள் வழிகாட்டி ஹெல்கா, வெளி விதையும் கிருமியும் தீவுக்குள் வராமல் காக்கும் விதியைச் சொன்னார். நான் அதை இத்தாலியத்தில் முழங்கினேன்: "வெளி மண் ஒரு துகள் விழுந்தாலும் நடை அத்தோடு முடிந்தது. எல்லாரும் திரும்பவேண்டியதுதான்!" இந்த நடைக்காக வருடக்கணக்காகக் காத்திருந்த கிழவர் பியேத்ரோவின் சப்பாத்தில் ஒட்டியிருந்த பலேர்மோத் தூசியை, எல்லாரும் பார்க்க நானே ஊசியால் தோண்டி எடுத்தேன்.

மறுநாள் தீவு, விழித்தபிறகும் கலையாத கனவுபோல இருந்தது. மூடுபனியில் புல்மேடுகள் மிதந்தன. சிறகசைக்காமல் அல்பட்ரோஸ் ஒன்று தலைக்குமேல் வழுக்கிப் போனது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க ராசாப் பென்குயின்கள், கழுத்தில் செம்மஞ்சள் பூசிக்கொண்டு, பூசை முடிந்து வெளியே வந்த எங்கள் ஆட்களைப்போலக் கதைத்துக்கொண்டு நின்றன.

படமெடுக்கக் குந்தினேன். யாரோ பின்னாலிருந்து கோட்டை இழுத்தார்கள். திரும்பினால், ஒரு பெரிய பழுப்புக் கடற்பறவை. அதன் அலகில் என் கோட்டின் விளிம்பு. 'டர்' என்று கிழிந்த தையலிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்று நூலில் தொங்கியது.

அம்மா! பெட்டி அடுக்கும்போது தைத்துவைத்த, மன்னார் மடுமாதா கோவில் மண். அது கூட இருந்தால் பாம்பு தீண்டாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

"இது என்ன?" என்றார் ஹெல்கா.

"மண்" என்றேன். (நேற்று எவ்வளவு கம்பீரமாக உச்சரித்த சொல்!)

ஹெல்கா முழங்காலிட்டுப் புல்லைத் துழாவினார். பியேத்ரோ, இனிப் போய்ப் பார்க்கமுடியாதோ என்பதுபோல, நடை போகவிருந்த மலைப்பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சிஞ்ஞோரீனா, ஊசி வேணுமா?" என்றார்.

ஒரு துகளும் சிந்தவில்லை. துணிக்குள் பிளாஸ்டிக் தாள், அதற்குள் இன்னொரு தாள். அம்மா சுற்றினால் சுற்றினதுதான். நடை தொடர்ந்தது. என் கோட்டும் பொட்டலமும் பைக்குள் சிறைபோக, ஹெல்கா தன் உபரி மழையங்கியைத் தந்தார். குதிக்கால்வரை செம்மஞ்சள்.

பென்குயின்கள் பார்த்தன. கழுத்தில் கொஞ்சம் செம்மஞ்சள் வைத்திருப்பதே ராசா என்றால், முழுக்கச் செம்மஞ்சளாய்ப் போகிற நான் யார்? ஒன்று பின்தொடர்ந்தது. பிறகு ஒரு வரிசையே வந்தது. பனிக்குள் நான் முன்னே, அவை பின்னே, மாதா சுற்றுப்பிரகார ஊர்வலம்போல மெல்ல நகர்ந்தோம். பியேத்ரோ கண்ணீர் வரச் சிரித்தார்.

பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா கேட்டார். "பாம்பைக் கண்டனியோ?"

"அந்தத் தீவிலை பாம்பே இல்லையம்மா! ஒண்டுகூட இல்லை!"

அம்மா நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

இன்றும் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, புதிதாக வந்தவர்களுக்கு என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவள்தான் என்ரை படிச்ச பிள்ளை. ஒரு தீவிலை இருந்த பாம்பு முழுக்கவும் கலைச்சுப்போட்டு வந்தவள்."