ஆறு கோழிகளும் அரசியல் சாசனமும்

சட்டம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி பக்கத்தில் யாரும் பஸ்ஸில் உட்காரக் கூடாது. அவளுக்குச் சட்டம் பாதிதான் தெரிந்திருக்கும். பயம் முழுதாகப் போயிருக்கும். 2009-இல் நான் அப்படித்தான் இருந்தேன்.

அன்று சிதம்பரத்தில் மாதிரி நீதிமன்றப் போட்டி. விலங்குகளின் தரப்பில் நான் வாதாட வேண்டும். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்னும் அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவை, கடலூரில் ஏறியதிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். (பக்கத்து சீட்டு அம்மா ஸ்லோகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.)

புதுச்சத்திரத்தில் ஒரு பெரியவர் ஏறினார். கையில் ஆறு நாட்டுக்கோழிகள், கால்கள் கட்டித் தலைகீழாக.

"ஐயா, இப்படித் தொங்கவுடக் கூடாது. சட்டப்படி தப்பு."

"எந்தச் சட்டம்மா?"

"அரசியல் சாசனம். ஒலக நாடுங்க எல்லாம் ஒத்துக்கிட்டது." (அப்படி ஓர் உலக ஒப்பந்தமே கிடையாது. அவருக்குத் தெரியாது என்ற தைரியம்.)

"பொண்ணு முழுவாம இருக்குது. பாக்கப் போறேன். நீயே அவுத்துக்க, வக்கீலம்மா."

அவிழ்த்தேன். ஆறையும், ஒரே நேரத்தில்.

அடுத்த நிமிடம் பஸ் முழுக்க இறகு. "யாரு கோழிய அவுத்தது?" என்று கண்டக்டர் கத்த, ஐம்பது விரல்கள் என்னைக் காட்டின. ஐந்து கோழிகள் அகப்பட்டன. ஒரு செவலை மட்டும் ஜன்னல் வழியே குதித்தது. எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

"போனா போவுது, இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது அறுக்கறதுக்கு இல்லம்மா. பொண்ணு குஞ்சுல இருந்து வளத்தது. தொணைக்கு இருக்கட்டும்னு எடுத்துக்கினு போறேன்."

அதற்குமேல் எப்படி விடுவது? வெள்ளைச் சுடிதாரோடு வயல் சேற்றில் இறங்கினேன். இரண்டு முறை விழுந்தேன். கடைசியில் ஒரு கருவேலம் புதருக்குள் தலையை விட்டு அதைப் பிடித்தபோது, அது என் கையைக் கொத்திக் கிழித்திருந்தது. துப்பட்டாவில் சுற்றிப் பெரியவர் மடியில் வைத்தேன். துப்பட்டா அதோடு போனது.

போட்டிக்கு ஒரு மணி நேரம் தாமதம். தலையில் இறகு, உடம்பெல்லாம் சேறு. ஆனாலும் நின்று முழு வாதத்தையும் சொல்லி முடித்தேன். நடுவர் என் கையைப் பார்த்தார்.

"உங்க கட்சிக்காரர்தான் கொத்துனாரா?"

கடைசி இடம்.

இன்றும் வீட்டுக்குக் கோழி வாங்கி வந்தால், இந்தக் கதை தெரிந்த என் மாமா வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: "வக்கீலம்மா, அறுக்கட்டுமா, அவுத்து வுடட்டுமா?"

நானும் விட்டுக்கொடுத்ததில்லை. "அவுத்து வுடுங்க" என்பேன். அன்றைக்கு எல்லோருக்கும் சாம்பார்தான்.