சகலை வீட்டு வாசக்கதவும் என் ஜெர்மன் ரம்பமும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கிளமெண்டியில என் சகலை வீட்டு வாசக்கதவோட அடிப்பக்கத்துல அரை அங்குலம் அறுத்துக் கொடுக்கணும். அவ்வளவுதான்.

எண்பதுகளோட ஆரம்பத்துச் சிங்கப்பூர் அது. எம்.ஆர்.டி. ரயிலெல்லாம் வரல. சகலைக்கு அப்பத்தான் புது அடுக்குமாடி வீட்டுச் சாவி கிடைச்சிருந்துச்சு. கிடைச்ச சந்தோஷத்துல மனுஷன் ஹால் முழுக்க டைல்ஸ் ஒட்டிட்டார். தரை உசந்துடுச்சு, கதவு உசரல. பாதி திறந்ததுமே டைல்ஸ்ல முட்டிக்கிட்டு நின்னுடும்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறாங்க. வர்ற சொந்தக்காரங்க அத்தனை பேரும் பக்கவாட்டுல திரும்பித்தான் நுழையணும். எங்க சொந்தத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் அகலம் குறையாத ஆளுங்க நாலஞ்சு பேர் உண்டு.

சகலை போன்ல சொன்னார். "கீழ் புளோக்குல ஒரு கார்பெண்டர் இருக்காரு தம்பி. இழைப்புளி போட்டு கொஞ்ச நேரத்துல முடிச்சுருவாராம்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "நான் ஒருத்தன் இருக்கும்போது வெளியாளா? என்னண்ணே பேசுறீங்க!"

அந்த ரோஷத்துக்குக் காரணம் என் கட்டிலுக்கு அடியில படுத்திருந்துச்சு.

ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில நான் ஸ்டோர் கிளார்க். அங்க வேலை பார்த்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது தன்னோட கரண்டு ரம்பத்தை விலைக்குக் கொடுத்தார். சாதாரண ரம்பம் இல்ல. பலகை மேல ஒரு நீட்டு அலுமினியத் தண்டவாளத்தை வெச்சு, அது மேல ரயில் மாதிரி ரம்பத்தை ஓட்டணும். பிளேடு பலகைக்குள்ள இறங்கி, ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி அறுத்துக்கிட்டே போகும். ஓரத்துல ஒரு சிராய் நிக்காது.

எனக்குத் தச்சு வேலை தெரியுமான்னு கேக்காதீங்க. என்கிட்ட ரம்பம் இருந்துச்சு.

வாங்கின புதுசுல எங்க ரோவல் ரோடு வீட்டு காரிடார்ல வெச்சு ஒரு பலகையை அறுத்துப் பார்த்தேன். மேல் மாடி, கீழ் மாடி, எதிர் புளோக்கு எல்லாம் எட்டிப் பார்த்துச்சு. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் சட்டை போடாம வெளிய வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மொழி தெரியாட்டியும் அர்த்தம் புரிஞ்சுது. அதோட சரி.

அப்புறம் அந்த மிஷினுக்கு ஒரே வேலைதான், தரிசனம் கொடுக்கிறது. ஞாயித்துக்கிழமையானா வெளிய எடுத்து, துடைச்சு, எண்ணெய் போட்டு, திருப்பிக் கட்டிலுக்கடியில வெச்சுடுவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வர்றதுக்கு முன்னாடி ரம்பம் வரும். பிளேடு எம்மாம் பெருசு, எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு காட்டுறதுதான் அதுல முக்கியமான கட்டம். அதுக்காகவே ஆழத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை எப்பவும் கடைசி வரைக்கும் திருகியே வெச்சிருப்பேன். குறைச்சு வெச்சா பிளேடு கொஞ்சூண்டுதான் எட்டிப் பார்க்கும். வந்தவங்க ஏமாந்துடுவாங்க இல்லையா?

என் பொண்டாட்டி புஷ்பாவுக்கு அந்த இடத்து மேல ஒரு கண்ணு. தையல் மிஷின் வைக்கணுமாம்.

"தையல் மிஷின் வந்தா ஒரு பாவாடையாவது வரும். இதால இந்த வீட்டுக்கு என்ன வந்துச்சு, சொல்லுங்க?"

"அது ஜெர்மன் மிஷின்டி!"

"இருக்கட்டும். நாளைக்கு அக்கா வீட்டுக் கதவு ஒழுங்கா முடிஞ்சா மிஷின் இங்கயே இருக்கட்டும். எதாச்சும் கோணலா போச்சு, திங்கக்கிழமை நேரா சுங்கை ரோடுதான்."

சுங்கை ரோடு சந்தை எங்க வீட்டுலேர்ந்து நடக்குற தூரம். பழைய செருப்பு, ஓடாத கடிகாரம், ஜோடி இல்லாத கரண்டி எல்லாம் தரையில பரப்பி வெச்சு விப்பாங்க. அதுக்கு நடுவுல என் ஜெர்மன்காரனை நினைச்சுப் பார்த்தேன்.

"கோணலா போகவே போகாது. அதுக்குத்தான் தண்டவாளம்"னு சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். ரம்பத்தைப் பெட்டியில வெச்சு மடியில வெச்சுக்கிட்டேன். தண்டவாளம் டாக்சிக்குள்ள அடங்கல. ஜன்னல் வழியா அரைவாசி வெளிய நீட்டிக்கிட்டு வந்துச்சு. டாக்சிக்காரர் கண்ணாடியில பார்த்துட்டு, "புது வீடா? கர்ட்டன் ராட் நல்லாயிருக்கு லா"ன்னார்.

நான் அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். புக்கிட் தீமா தாண்டியும் முடியல. புஷ்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கடைசியில டாக்சிக்காரர் ரொம்ப மரியாதையா கேட்டார்: "அப்போ கர்ட்டனை இதுல எங்க மாட்டுவீங்க?"

வீட்டுக்குப் போனதும் கதவைக் கழட்டினோம். சகலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாசல்ல கதவு இல்லேன்னா கிளமெண்டியில என்ன ஆகும்னு எனக்கு அப்பத் தெரியாது. காரிடார்ல போறவங்க, வர்றவங்க, லிப்ட்டுக்கு நிக்கிறவங்க எல்லாம் நின்னு உள்ள பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு ஸ்டூலே கொண்டாந்து போட்டுக்கிட்டாங்க.

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி. இவ்வளவு பேருக்கு இதுவரைக்கும் தரிசனம் கொடுத்ததே இல்ல. ரம்பத்தை எடுத்து, பிளேடை முழுசா இறக்கிக் காட்டினேன். "வாஆ"ன்னு ஒரு சத்தம். அதுக்கு மேல எனக்கு வேற என்ன வேணும்?

கதவைத் தரையில சாய்க்கப் போனேன்.

"ஐயையோ! என்ன பண்றீங்க தம்பி?" சமையல்கட்டுலேர்ந்து சரோஜா அக்கா ஓடி வந்தாங்க. புஷ்பாவோட அக்கா, சகலையோட சம்சாரம்.

"தரையில போட்டு அறுக்கணும்கா. மேல மண்டி போட்டாத்தான் பிடி கிடைக்கும்."

"வாசக்கதவைத் தரையில போட்டு அது மேல காலை வெப்பீங்களா? மகாலட்சுமி நுழையிற இடம்! நாளைக்கு விடிஞ்சா மஞ்சள் குங்குமம் வைக்கிற கதவு!"

சகலை தலையைக் குனிஞ்சுக்கிட்டார். இந்த மாதிரி விஷயத்துல அவருக்கு ஓட்டுரிமை கிடையாது.

"அப்ப எங்கதான் வைக்கிறது?"ன்னு நான் சுத்திப் பார்த்தேன். ஹால்ல ஒரே ஒரு பெரிய சாமான்தான் இருந்துச்சு. புது சாப்பாட்டு மேசை. ஆறு பேர் உக்காரலாம். மேல மரக்கலர் பார்மைக்காத் தகடு, பளபளன்னு. அக்கா சீட்டு போட்டு எடுத்து, கடை கடையா ஏறி இறங்கிப் பிடிச்ச மேசை. புது வீட்டுல அவங்களுக்குன்னு அவங்க கேட்டது அது ஒண்ணைத்தான்.

"மேசை மேல வெச்சுக்கலாமே"ன்னேன்.

அக்கா தயங்கினாங்க. "கீறல் விழுந்துடாதே?"

"ஜெர்மன் மிஷின்கா. கதவைத் தாண்டி ஒரு கீறல் கூட விழாது."

அக்கா மேசை மேல பழைய பேப்பரைப் பரப்பினாங்க. அதுக்கு மேல ஒரு கம்பளி. மேசை விளிம்பு கூட தெரியாத மாதிரி பாசமா போர்த்தி விட்டாங்க. அதுக்கு மேல கதவை ஏத்தினோம். கதவு மேசையை விட நீளம். அறுக்கிற பக்கத்தை வெளிய நீட்டி வெச்சிருக்கணும். மூளை உள்ளவன் எவனும் அப்படித்தான் செய்வான். நான் அறுக்கிற பக்கத்தை நல்லா மேசை நடுவுக்கு இழுத்து வெச்சேன். ஆடக் கூடாதாம்.

தண்டவாளத்தைக் கோட்டுல வெச்சேன். கண்ணாடி மாட்டினேன். காரிடாரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். சுவிட்சைத் தட்டினேன்.

என்னா சத்தம்! என்னா ஓட்டம்! ரம்பம் வெண்ணெய்ல போற மாதிரி போகுது. பலகைத் தூள் பறக்குது. முதல்ல வெள்ளையா பறந்துச்சு. அப்புறம் கொஞ்சம் காப்பிக் கலர்ல வர ஆரம்பிச்சுது.

சகலை என் காதுகிட்ட வந்து கத்தினார். "தம்பி! தூளு ரெண்டு கலர்ல வருதே!"

"கதவுக்குள்ள வேற பலகை வெச்சிருப்பாங்கண்ணே!"ன்னு நானும் கத்தினேன்.

"கம்பளி நூலெல்லாம் பறக்குது தம்பி!"

"அது காத்து!"

முடிச்சேன். சுவிட்சை அணைச்சேன். அரை அங்குலத் துண்டு தனியா கையோட வந்துடுச்சு. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு சிராய் இல்ல. காரிடார்ல கை தட்டினாங்க. மலாய்க்கார அம்மா "பாகுஸ்! பாகுஸ்!"னாங்க, மலாய்ல பிரமாதம்னு அர்த்தம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உண்மையாத்தான் சொல்றேன்.

கதவைத் தூக்கி மாட்டினோம். விரலால தள்ளினேன். டைல்ஸைத் தொடாம வழுக்கிக்கிட்டுப் போய்ச் சாத்திக்குச்சு. அக்கா சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. "தம்பி, நீங்க இல்லேன்னா..."ன்னு ஆரம்பிச்சவங்க, மேசையைத் துப்புரவு பண்ணலாம்னு கம்பளியை இழுத்தாங்க.

பாதிக் கம்பளி வந்துச்சு.

மீதிக் கம்பளி மேசை மேலயே இருந்துச்சு. அதையும் இழுத்தாங்க. பேப்பர் ரெண்டு துண்டா இருந்துச்சு. அதையும் எடுத்தாங்க.

மேசையில இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு பிளவு. மேல் பலகை முழுசா அறுந்து, கீழ இருக்கிற சட்டம் மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. குனிஞ்சா பிளவு வழியா புது டைல்ஸ் தெரிஞ்சுது.

அக்கா விரலை எடுத்து அந்தக் கோட்டு மேல மெதுவா வெச்சுப் பார்த்தாங்க. கண்ணுல தண்ணி நின்னுச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாம்னு பார்த்தா, நான் மாட்டின கதவு அழகா சாத்திக்கிட்டு நிக்குது.

அந்த நேரத்துல வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கோணலா போகல பாருங்க அக்கா."

புஷ்பா சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. மேசையைப் பார்த்தா. ரம்பத்தைப் பார்த்தா. என்னைப் பார்க்கல. பார்க்கிற மாதிரி நானும் இல்ல.

மறுநாள் பால் பொங்குச்சு. எல்லாம் மங்களமா நடந்துச்சு. மேசைக்குப் பூப்போட்ட துணி விரிச்சு மறைச்சாச்சு. வந்தவங்க எல்லாரும் கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்து, "யாரு செஞ்சது? நல்லா வழுக்குதே!"ன்னாங்க. நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். சகலை மட்டும், "தம்பிதான். நல்ல கை. நம்ம வீட்டுல எது கிடைச்சாலும் அறுத்துருவாரு"ன்னார்.

சாப்பாட்டு நேரம். சகலையோட பெரியப்பாவை மரியாதையா மேசையில உக்கார வெச்சு இலை போட்டாங்க. பிளவுக்கு நேரா. நான் பதறிக்கிட்டு, "பெரியப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னேன். "காத்தாடி இங்கதான்பா இருக்கு"ன்னு அசையல.

சாம்பார் வரைக்கும் ஒண்ணும் ஆகல. ரசம் ஊத்தினாங்க. பெரியப்பா தாராளமா ஊத்தச் சொல்ற ஆளு. இலையைத் தாண்டின ரசம் துணியில ஊறி, அப்படியே மேசைக்குள்ள காணாமப் போச்சு. அடுத்த நிமிஷம் பெரியப்பா வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டார்.

"வீடு ஒழுகும்னு கேள்விப்பட்டிருக்கேன். சாப்பிடுற மேசை ஒழுகி இன்னிக்குத்தான்யா பாக்குறேன்!"

துணியைத் தூக்கிப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் கதவைப் பத்தி யாரும் பேசல.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸுல வந்தோம். ரம்பம் மடியில. புஷ்பா பக்கத்துல. எங்க மேசையை அக்காவுக்குக் கொடுத்துடுறதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா. பிளந்த மேசை எங்க வீட்டுக்கு வருதாம். சரின்னேன். நியாயம்தான்.

மனசைத் திடப்படுத்திக்கிட்டு நானே கேட்டேன். "அப்போ திங்கக்கிழமை... சுங்கை ரோட்டுக்கு எத்தனை மணிக்குக் கொண்டு போகணும்?"

புஷ்பா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னா. "விக்க வேணாம். வீட்டுலயே இருக்கட்டும்."

எனக்கு நம்பவே முடியல. அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். "என் மேல அவ்வளவு பாசமா புஷ்பா?"

"வாங்கிட்டுப் போறவன் வீட்டுலயும் ஒரு மேசை இருக்கும்ல?"