மங்குச்சா சாரின் ஏழு நாள் கிரகம்

தெருவிளக்கு எரியவில்லை என்று ஊரே மனுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எரிகிற விளக்கை அணைக்கச் சொல்லி மனுக் கொடுத்த ஒரே பாளையங்கோட்டைக்காரர் எங்கள் 'மங்குச்சா' சார்தான்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். வானியல் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடுவதுதான் வேலை. கூட இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு கண்டுபிடித்துவிட்டார்கள். இவருக்குக் கடைசிவரை ஒன்றுகூட அகப்படவில்லை. விடுவாரா? மொட்டைமாடியில் சொந்தத் தொலைநோக்கியை நட்டு, இருட்டியதும் ஒரே நட்சத்திரத்தைக் கவனிக்கத் தொடங்கினார்.

"கிரகம் கண்ணுக்குத் தெரியாது வே. அது குறுக்க போகும்போது நட்சத்திரம் லேசா மங்கும். ஸ்ரீவைகுண்டத்துல எரியுத டியூப்லைட் மேல கொசு உக்காந்தா, இங்கன இருந்து கண்டுபிடிக்கணும். அம்புட்டுதான்" என்பார் டீக்கடையில்.

"கொசுவ அங்கனயே அடிச்சிரலாமே சார்" என்பார் கடைக்கார அண்ணாச்சி.

கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் சீரியல் லைட் மினுங்கினாலும் பக்கத்து ஆளைத் தட்டி, "மங்குச்சா?" என்று கேட்பார்.

ஒருநாள் படி அதிர இறங்கி வந்தார். "கிரகம் மாட்டிக்கிட்டுது வே. சரியா ஏழு நாளைக்கு ஒருக்க மங்குது. நாலு தடவ பாத்தாச்சு. நாளைக்கு உலகத்துக்கே எழுதப் போறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரன் என்ற முறையில் கிரகத்துக்கு என் பெயரையும் சேர்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். என் மனைவிதான், "எந்தக் கெழம சார் மங்குது?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கெழம. ஏழு மணி வாக்குல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அவள் போடும் சாம்பிராணியில் வீட்டுக்குள் ஆள் அடையாளம் தெரியாது. அந்தப் புகை பூஜையறை ஜன்னல் வழியாக ஏறி, சாரின் நட்சத்திரம் இருக்கும் பக்கமாகத்தான் போகும். சார் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; அவர் வீட்டில் சாம்பிராணி வழக்கம் கிடையாது. போதாததற்குப் பனியில் நின்று நின்று மூக்கும் அடைத்திருந்தது.

அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நல்லவேள சொன்னம்மா. சாம்பிராணிக்கா உலகம் பூரா கடுதாசி போட இருந்தேன்?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து வெகுநேரமாகியும் புகையைக் காணோம். மனைவியிடம் கேட்டேன்.

"காலைலயே போட்டாச்சு. பாவம், மனுசனுக்கு ஒண்ணாவது கெடைக்கட்டும்" என்றாள்.

சார் தன் மகன் வீட்டோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் சாம்பிராணி இன்னும் காலையில்தான்.