ஜப்பானில் என் பிசின்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே கவலை, யாரும் படிக்கவில்லையே என்று. அதைவிடப் பெரிய ஆபத்து, யாராவது படித்துவிடுவது. எனக்கு இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கரையான்சாவடியில், பிரியாணி வாசனைக்கு நடுவே புரிந்தது.

அப்போது நான் பாலிமர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, ஓர் ஆய்வுக்கூடத்தில் பிசின் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் கட்டுரைகளை மேற்கோள் காட்டிய அறிஞர்கள் இருவர். ஒருவர் நான். இன்னொருவன் ஆய்வுக்கூடத்தில் என் அறைத்தோழன் (அவனுடையதை நான் காட்டியதால்).

ஒரு நாள் நூலகத்தில், யாருடைய கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எறும்பு எழுத்தில் அச்சடித்த தடித்த அட்டவணையைப் புரட்டினேன். என் பெயருக்குக் கீழே ஒரு ஜப்பான்காரர் இருந்தார்! ஆனால் அந்த அட்டவணை பெயரும் பக்க எண்ணும்தான் சொல்லும். என்ன எழுதினார் என்று சொல்லாது. அந்த இதழும் எங்கள் நூலகத்துக்கு வராது. அறிவுள்ளவன் என்ன செய்வான்? பிரதி கேட்டு அவருக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பான். நான் கார்டு மட்டும் போட்டேன்.

"ஜப்பானில் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்" என்ற செய்தி ஐயப்பன்தாங்கல் டெப்போ வரை போய்ச் சேர்ந்தது. அம்மா உடனே வீட்டில் ஸ்தோத்திர ஜெபக் கூட்டம் என்று அறிவித்துவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. பட்டாபிராமில் எஸ்தர் என்ற பெண்ணை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் வேதியியல் டீச்சர். பார்த்த அன்றே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. "டாக்டருன்றாங்கோ, ஊசி போடத் தெரியாதுன்றாங்கோ, இன்னா டாக்டரோ!" என்று இழுத்துக்கொண்டிருந்தார். ஜப்பானைக் காட்டி அவரைச் சம்மதிக்க வைப்பதென்பது என் ராஜதந்திரம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பிரதி வந்தது. பிரிக்கப் போனேன். எங்கள் வீட்டில் முதல் சம்பளக் கவரையே போதகர் கை வைத்து ஜெபித்த பிறகுதான் பிரிப்பார்கள்.

"கைய எடுடா! பாஸ்டர் ஜெபம் பண்ணாம எவனும் தொடக் கூடாது!" என்று அம்மா அதை பைபிள் மேல் வைத்தார். (விஞ்ஞானி கையை எடுத்துவிட்டான்.)

மறுநாள் வீடு நிறையக் கூட்டம். அம்மா அழைத்திருந்ததால் எஸ்தரும் அவள் அப்பாவும் முன்வரிசையில் இருந்தார்கள். போதகர் கவரைத் தலைக்கு மேல் தூக்கி, "எங்கள் மகனைக் கடல் கடந்து உயர்த்தினீரே" என்று உருகினார். பிறகு பிரித்தார், விழித்தார், எஸ்தரிடம் நீட்டினார். "நீ படிம்மா, உனக்குத்தான் புரியும்."

அவள் என் பெயர் வரும் இடத்தைத் தேடிப் படித்தாள். முகம் மாறியது. "அப்புறமா படிச்சிக்கலாமே, பாஸ்டர்," என்றாள் மெதுவாக.

என்னைக் காப்பாற்ற ஒரு ஜீவன் எடுத்த முயற்சி அது. நானோ கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, "பரவால்ல, சத்தமா சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, எல்லாருக்கும் புரியட்டும்," என்றேன்.

சொன்னாள். "இவர் எழுதின முறையில திரும்பத் திரும்ப செஞ்சு பாத்தோம். பாலிமர் வரல. பாத்திரத்த விட்டு வராத ஒரு பிசுபிசுப்புதான் வந்துச்சு. மத்தவங்க இந்த முறைய தவிர்க்கறது நல்லது."

பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து யாரோ, "ஆமென்" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜப்பான் போனால் போகட்டும், எஸ்தரும் போய்விட்டாளே! அவள் அப்பா எழுந்து என்னருகே வந்தார்.

"மெய்யாலுமே தப்பா தம்பி?"

"ஆமாங்க. நான் ஊத்தின திரவத்துல தண்ணி கலந்திருக்கும். அதனாலதான் எனக்கு மட்டும் பாலிமர் வந்திருக்கு. கவனிக்கல, எழுதவும் இல்ல."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜப்பான்காரன் பாத்திரத்த பாழாக்கிட்டியே நைனா! பெரிய படிப்பு படிச்சவன், உன்னாண்ட இன்னா பேசறதுன்னே பயந்துகினு இருந்தேன். நீயும் நம்மள மாதிரிதான் கீற. அம்மா, பிரியாணி போடச் சொல்லுங்கோ!"

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அந்தத் துறையில் யார் எழுதினாலும், "இப்படிச் செய்யாதீர்கள்" என்பதற்கு என் கட்டுரையையே காட்ட ஆரம்பித்தார்கள். மேற்கோள்கள் குவிந்தன. சில வருடங்கள் கழித்துப் பதவி உயர்வுக் குழு அவற்றை எண்ணிப் பார்த்தது. படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அதற்கு இல்லை. "உலக அளவில் தாக்கம்" என்று சொல்லிக் கை குலுக்கி உயர்வு கொடுத்தார்கள்.

"நல்ல வேளை. சரியா செஞ்சிருந்தா யாருக்கும் தெரியாமலே ரிடையர் ஆயிருப்பீங்க," என்றாள் எஸ்தர்.

பையன் முதல் முறை கணக்கில் ஃபெயிலாகி வந்து நின்றபோது, அடிக்க ஓங்கிய அவள் கையை மாமனார்தான் பிடித்தார்.

"உடும்மா. இவன் இவுங்க அப்பன் மாதிரி. பெரிய ப்ரமோஷன் கீது."