நாலு நாட்டுக்கும் பொதுவாக ஒரு பொத்தான்

கொல்லிமலை,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய சதீஷ்குமார் அண்ணனுக்கு,

உங்கள் சித்தப்பா மகள் பூங்குழலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் பாப்பா யாழினியும் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் கவிதா அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன். பாப்பாவுக்கு லேசாக மூக்கு ஒழுகுகிறது. பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இப்போதைக்கு நான் மட்டும் பயந்துகொண்டிருக்கிறேன்.

ஆடியிலேயே எழுதியிருக்க வேண்டிய பதில் இது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை என்பதைக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள். உங்கள் ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்கிற மாதிரி ஒரு இடம் இருக்கிறது, பவர்பாயின்டுக்கு ஆட்-இன், அதாவது அதோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல், எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், கற்றுக்கொண்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, நிஜமான மனிதர்கள் நிஜமாகப் பயன்படுத்திய ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். எனக்கு வேறு வழி என்னவென்றால் நாமக்கல்லில் ஒரு கடையில் பில் போடும் வேலை. முதல் பஸ்ஸில் மலை இறங்கிக் கடைசி பஸ்ஸில் மலை ஏற வேண்டும். போகும்போதும் பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு தடவை வாந்தி எடுக்கிறாள், மொத்த வளைவு எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஆட்-இன் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

இன்டர்நெட் வேண்டாத பழைய வழியிலேயே தொடங்கு என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை, ஏனென்றால் இங்கே சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, அதுவும் சாயங்காலம் போய்விடுகிறது. பவர்பாயின்டைத் திறந்து, ஆல்ட்டையும் எஃப் பதினொன்றையும் சேர்த்து அமுக்கினேன். காலேஜில் கடைசியாகப் பார்த்த மாதிரியே, நிரல் எழுதும் வெள்ளைப் பக்கம் வந்தது. முதல் பாடம், ஒரு பெட்டி எழும்பி வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லச் சொன்னேன். ஏழு கேள்விக்குறி போட்டது. அந்தப் பக்கத்துக்குத் தமிழ் தெரியாதாம். ஒவ்வொரு எழுத்தையும் அதன் எண்ணைக் கொண்டுதான் கூப்பிட வேண்டுமாம், 'வ' என்றால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழு. ஒரு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாப்பா ஒரு மிளகை மூக்கில் போட்டுக்கொண்டாள். மூக்கு ஒழுகுவது அதனால் இல்லை என்றுதான் டாக்டர் சொல்கிறார், ஆனால் நான் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

பிறகு மக்களுக்கு என்ன கஷ்டம் இருக்கிறது என்று தேடினேன். தேடவே வேண்டியதில்லை. எங்கள் மிளகு விவசாயிகள் குழுவில் நாலு நாட்டு ஆட்கள் இருக்கிறார்கள். நாடு என்றால் மலையின் பழைய பிரிவு, அண்ணிக்கு விளங்கச் சொல்லிவிடுங்கள். இதில் சத்தம் போடுகிறவர்கள் பைல் நாட்டுக்காரர்களும் தேவனூர் நாட்டுக்காரர்களும், மற்ற இரண்டு நாட்டார் வேடிக்கை பார்க்கிறவர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாட்டுக்கு ஒரு ஸ்லைடு காட்டுவார்கள், எந்த நாடு முதலில் வருவது என்று சண்டை வரும், செயலாளர் கார்த்தி ஒவ்வொரு ஸ்லைடாகப் பிடித்து இழுத்து மாற்றிக்கொண்டிருப்பார். இதற்கு ஒரு பொத்தான் செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரு அமுக்கு, எல்லா ஸ்லைடும் அகர வரிசையில் நின்றுவிடும். அகர வரிசைக்கு யார் மேலும் கோபம் கிடையாது. இப்படித்தான் நினைத்தேன். நான் படித்தது கீழே ராசிபுரத்தில், மலையில் இல்லை.

எழுதி முடித்து, பொத்தானை மேல் பட்டையில் ஒட்டி, குழுவை எங்கள் வீட்டுக்கே கூப்பிட்டு என் லேப்டாப்பில் அமுக்கிக் காட்டினேன். ஸ்லைடுகள் ஒழுங்காகப் போய் நின்றன. தேவனூர் நாடு முன்னே வந்தது, பைல் நாடு பின்னே போனது. நான் வாழ்க்கைப்பட்டது பைல் நாட்டில் என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை. என் மாமனாருக்குப் பங்காளியான அப்பாசாமி மாமா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்மூட்டு மருமகளே நம்மளப் பின்னால தள்ளீட்டாளே, பாத்தீங்களா?"

"மாமா, நான் தள்ளலீங்க, எழுத்து வரிசைங்க."

"அந்த எழுத்த அடிச்சது யாரு கண்ணு?"

நியாயமான கேள்விதான். சரி என்று அதே நிரலில் ஒரே ஒரு குறியைத் திருப்பிப் போட்டேன், வரிசை தலைகீழானது. இப்போது தேவனூர் நாட்டு அத்தாயி அக்கா எழுந்தார். குழுவிலேயே நல்ல மிளகு அவருடையது, அதைவிடக் காரம் அவர் பேச்சு. "புருசன் ஊட்ட ஒரே தட்டுல மேல தூக்கீட்டா பாரு. பெரிய படிப்புங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். மற்ற இரண்டு நாட்டாரும் இன்னொரு தேநீர் கேட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு உங்கள் மாப்பிள்ளை, பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டியபடியே, விஷயத்தைச் சொன்னார். மலையில் கூட்டம் என்றால் நாட்டுப் பெயர்களை எப்போதுமே கீழே இருந்து வந்த ஆள்தான் வாசிப்பாராம், வாத்தியாரோ வங்கி ஆளோ யாராவது.

"அவிங்க எப்படி வாசிச்சாலும் கோவம் வராது. கீழ இருந்து வந்தவிங்களுக்கு என்ன தெரியும்னு வுட்ருவாங்க."

"நானும் கீழ இருந்து வந்தவதானுங்களே?"

"நீ எப்பவோ வந்துட்டியே."

இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். கல்யாணமாகி இத்தனை நாளில் நான் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் என்று முதல் தடவையாக ஒருவர் சொல்கிறார், அதே வாக்கியத்தில் என் ஆட்-இன்னும் செத்துப்போகிறது. கடைசியில் அவரே, "வரிசையே வேண்டாம், வட்டமா எழுதிப்போடு," என்றார். வட்டமாக எழுதினேன். வட்டத்துக்கும் ஒரு உச்சி இருக்கிறது, அங்கேயும் ஒரு நாடுதான் உட்கார முடியும் என்பது எழுதிய பிறகுதான் தெரிந்தது. ஆகவே அதைச் சுற்ற விடுவது என்று தீர்மானித்தேன். பொத்தானை அமுக்கினால் ஸ்லைடு திரை முழுக்க விரிய வேண்டும், வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும். பாப்பா என் மடியில் உட்கார்ந்து எண்டர் விசையைத் தட்டித் தட்டி எனக்கு உதவி செய்தாள். நிரலில் எங்கே தேவையில்லாமல் வெற்று வரிகள் இருந்தாலும் அவை அவளுடையவை, அழிக்க மனம் வரவில்லை. சுற்றச் சொல்லிவிட்டேன். எப்போது நிற்பது என்று சொல்ல மறந்துவிட்டேன். இது நினைவுக்கு வந்தபோது கூட்டத்துக்கான பென் டிரைவ் கார்த்தியிடம் போய்விட்டது, கூட்டம் கூடிவிட்டது.

அன்றைய கூட்டம் முக்கியமானது. மிளகு உதிர்க்கும் மெஷின் தரலாமா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து தெரசா மேடம் வந்திருந்தார், அவரும் கீழ்நாட்டுக்காரர்தான், மலைக்கு மாற்றலாகி வந்தவர். அறையை இருட்டாக்கியதும் பாப்பா வீறிட்டாள், நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்தே, "கார்த்தி, அமுத்துங்க," என்றேன். வட்டம் திரையில் வந்தது. கொஞ்ச நேரம் சும்மா நின்றது. என் உயிரும் அதனுடன் நின்றது. பிறகு சுற்ற ஆரம்பித்தது.

பைல் நாடு மேலே வந்தபோது தேவனூர் நாடு கீழே போய்த் தலைகீழாகத் தொங்கியது. அப்பாசாமி மாமா அத்தாயி அக்காவைப் பார்த்தார். "பரவால்லீங்க, சுத்தட்டுங்க," என்றார் அக்கா. அது பாதி சுற்றியது. இப்போது அக்கா மாமாவைப் பார்த்தார். "ஏனுங்க, இரத்தமெல்லாம் தலைக்கு எறங்குதுங்களா?" அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு யாரும் யாருடனும் சண்டை போடவில்லை, அவரவர் முறைக்காகக் காத்திருந்தார்கள். முடிவில்லாமல் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் கம்ப்யூட்டர் சூடேறிக் கடைசியில் எந்த விசைக்கும் பதில் சொல்லாது என்று படித்திருக்கிறேன், அதனால் குழுவின் ஒரே கம்ப்யூட்டரை நான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். பாப்பாவோடு உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தேன். "இரு சாமி, எங்க நாடு இப்பத்தான் ஏறுது," என்றார் மாமா. தெரசா மேடம் அந்த வட்டத்துக்கு முன்னாலேயே நின்று பேசி முடித்தார். அவர் புடவை மேல் நாலு நாடும் ஏறி இறங்கின. மெஷினுக்குச் சரி என்று சொல்லிவிட்டார். அதை எந்த நாட்டில் வைப்பது என்று ஒருவர் வாயைத் திறந்ததும் கார்த்தி, "அதையும் சுத்த வுட்ரலாங்க," என்றார், ஒத்துக்கொண்டார்கள்.

நீங்கள் கேட்ட அத்தாட்சியும் வாங்கிவிட்டேன். 'மேற்படி பொத்தானை நாங்கள் பயன்படுத்தினோம், மிகவும் உபயோகமாக இருந்தது' என்று கார்த்தி எழுத, கீழே நாலு நாட்டாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வட்டமாகப் போட்டிருக்கிறார்கள், காகிதத்தைத் திருப்பித் திருப்பித்தான் படிக்க வேண்டும். உங்கள் மேலாளருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நின்றுகொள்ளும் இடத்தையும் நிரலில் இப்போது சேர்த்துவிட்டேன். ஆகவே எனக்கு ஆட்-இன் எழுதத் தெரியும், மக்கள் அதைப் பயன்படுத்தியும் விட்டார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நாமக்கல் கடைக்காரர் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு வார்த்தை சொன்னால் நான் அங்கே மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். பாப்பா கண் விழிக்கும்போதெல்லாம் நான் வீட்டில் இருப்பேன், அவ்வளவுதான் கேட்பது.

கவிதா அண்ணிக்கு என் அன்பு. பெரியம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அறப்பளீஸ்வரர் உங்கள் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும், உங்கள் மேலாளரையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
மு. பூங்குழலி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மெயிலில் அனுப்பும்போது ஆட்-இன்னையும் இணைத்துவிடலாம் என்று கார்த்தியிடமிருந்து வந்த பென் டிரைவைத் திறந்தேன். அதில் அந்தக் கூட்டத்தின் பிரசன்டேஷன் இருக்கிறது, பாப்பாவின் தடுப்பூசி அட்டையின் போட்டோ இருக்கிறது, ஆட்-இன் இல்லை. ஆட்-இன் தனிக் கோப்பு, அதைத் தனியாக எடுத்துப் போய் அந்தந்தக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். அது என் லேப்டாப்பை விட்டு நகரவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிப்போய்க் கார்த்தியைக் கூப்பிட்டு, அன்றைக்கு எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று கேட்டேன். "பொத்தான் ஒண்ணும் இல்லீங்களேக்கா. எப்பவும் போல ஸ்லைடு ஷோவுக்கு எஃப் அஞ்சத் தட்டினனுங்க. வட்டம் சும்மா நின்னுச்சுங்க. அப்பறம் கீபோர்டுல கீழ நீளமா ஒரு கட்ட இருக்குதில்லீங்களா, அதத் தட்டினனுங்க, சுத்துச்சுங்க." நிரல் எழுதுவதற்கு முன்னால், சுற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, பவர்பாயின்டிலேயே இருக்கிற சுழலும் அனிமேஷனை அந்த வட்டத்துக்குப் போட்டு, ஸ்லைடு மாறும்வரை ஓடு என்று விட்டிருந்தேன். அதை எடுக்கவில்லை. சுற்றியது அதுதான். என் நிரலில் ஒரு வரிகூட அன்றைக்கு ஓடவில்லை. ஆகவே மக்கள் பயன்படுத்தியது ஆட்-இன் இல்லை, ஆட்-இன்னை மக்கள் பயன்படுத்தவில்லை. இரண்டையும் தனித்தனியாக இணைத்திருக்கிறேன், இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான் என்பதை மட்டும் மேலாளரிடம் எடுத்துச் சொல்லவும். பதிலைத் திங்கட்கிழமை முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால் போடுங்கள் அண்ணா, நான் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.