சோயா ரோல்ஸும் சூனியக்காரிப் பாடமும்

கூச்ச சுபாவம் உள்ளவர்களை எல்லோரும் அப்பாவிகள் என்று நினைக்கிறார்கள். தவறு. கூச்சக்காரனுக்கு ‘ஏலாது’ என்று சொல்ல வராது. அதனால் அவன் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும் வேலைகளால்தான் ஊருக்கு ஆபத்து. நான் அமெரிக்க வரலாறு படிப்பித்தது அப்படித்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எட்மண்டனில் ஒரு பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை நடத்தினோம். பிள்ளைக்குத் தமிழ் வராவிட்டாலும் பரவாயில்லை, இங்கிலீஷ் பள்ளிக்கூடச் சோதனையில் புள்ளி குறையக்கூடாது என்பது பெற்றோரின் கொள்கை. ஆகவே பெரிய பிள்ளைகளுக்கு அங்கேயே டியூஷனும் நடந்தது. வரலாறு படிப்பித்த பையன் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டான். பாடசாலைத் தலைவர் கந்தையா அண்ணை என்னைப் பிடித்தார்.

“உமக்குச் சனிக்கிழமை ஷிப்ட் இல்லைத்தானே?”

“இல்லை அண்ணை. ஆனா நான் பத்தாம் வகுப்பு ஓ லெவலோட படிப்பை விட்டவன்...”

“அதில சரித்திரம் பாஸ்தானே?”

“ஓம்...”

“பிறகென்ன!”

நான் பாஸ் பண்ணியது யாழ்ப்பாண மன்னர்களில். பாடமோ, அமெரிக்காவில் கூட்டம் கூட்டமாக மக்களைப் பயம் பிடித்து ஆட்டிய கதை. பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வாரம் மகளின் புத்தகத்தையும் அகராதியையும் மடியில் வைத்துப் படித்தேன். (பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி புத்தகத்தில் இருந்த ‘சூனியக்காரி’ படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போனாள்.)

மகள் அபிக்குப் பதினைந்து வயது. அதே வகுப்பு. “அப்பா, ப்ளீஸ், காய்ச்சல் எண்டு சொல்லிட்டு வீட்டில நில்லுங்கோ” என்று கெஞ்சினாள்.

மனைவி மலருக்கு வேறு கவலை. அந்தச் சனிக்கிழமைதான் அவள் முதன்முதலாகப் பாடசாலைக்கு ரோல்ஸ் செய்து கொடுக்கிறாள். சனங்களுக்குப் பிடித்துவிட்டால் ஆண்டு விழாச் சாப்பாடு முழுவதும் அவள் பொறுப்பு. அலுவலகங்களில் தரை துடைக்கும் வேலையை விட்டுவிட அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

“நீங்கள் ஒரு உதவியும் செய்யவேண்டாம். கெடுக்காமல் நிண்டாக் காணும்” என்றாள்.

அன்று புரட்டாதிச் சனி. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, மீன் இறைச்சி தொடாமல் விரதம் இருக்கும் நாள். ஆகவே, வழக்கமாக இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸுக்குள் அன்று சோயா.

வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களுடைய முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. பின்சுவரில் ஒரு மணிக்கூடு இருந்தது. அதற்குத்தான் பாடம் நடத்தினேன். சேலம் என்று அமெரிக்காவில் ஒரு ஊர். சில சிறுமிகள் வலிப்பு வந்ததுபோலக் கத்த, ஊரே சூனியக்காரிகளைத் தேடியது. அயலவர் அயலவரைக் காட்டிக்கொடுத்தார்கள். ஒருவன் தன் மனைவிக்கு எதிராகவே சாட்சி சொன்னான்.

“சொந்த மனிசிக்கு எதிராகவோ? லூசனா அவன்?” என்று கேட்டாள் அபி.

முதல்முறையாக மணிக்கூட்டை விட்டுப் பிள்ளைகளைப் பார்த்தேன். “பயம் பிடிச்சா மனிசனுக்குப் புத்தி வேலை செய்யாது. ஆனா நாங்கள் படிச்ச சனம். எங்களுக்கு அப்பிடி வராது.”

இந்த வசனத்தை நானே சொன்னேன் என்பதை நினைக்கும்போது இன்றும் காது சூடாகிறது.

இடைவேளை. மண்டபத்தில் ரோல்ஸ் பறந்தது. நானும் இரண்டு சாப்பிட்டேன். அருமையாக இருந்தது. அப்போது ரஞ்சி அக்கா என்ற ஒரு தாய், பாதி கடித்த ரோல்ஸைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்றார்.

“ஐயோ, இது ஆட்டிறைச்சி!”

(அது அவருடைய மூன்றாவது ரோல்ஸ். முதல் இரண்டிலும் ஆடு அமைதியாக இருந்திருக்கிறது.)

“நானும் நினைச்சனான், ஒரு வெடுக்கு மணம்!” என்றார் ஒருவர்.

“எனக்கு எலும்பும் கடிபட்டது!” என்றார் குமார் அண்ணை.

ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். பின்னால் இருவர். பிறகு வரிசை. கந்தையா அண்ணை “சனீஸ்வரா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதுவரை சமர்த்தாக இருந்த என் வயிற்றுக்குள் ஒரு மந்தையே நடக்கத் தொடங்கியது.

“ரோல்ஸ் செய்தது உம்மடை வீட்டிலதானே? உண்மையைச் சொல்லும் தம்பி” என்றார் கந்தையா அண்ணை.

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. அத்தனை கண்கள்! ‘சோயா, அண்ணை’ என்று இரண்டு சொல் போதும். முதல்நாள் சோயாவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இந்தக் கைகளாலேயே பிழிந்து கொடுத்தவன் நான். ஆனால் என் வாய் வேறொன்று சொன்னது.

“ஓம் அண்ணை. வியாழக்கிழமை மனிசி இறைச்சிக் கடைக்குப் போனவ. நான் கண்ணாலை கண்டனான்.”

சாட்சியம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த குப்பைக் கூடைக்குள் சத்தி எடுத்தேன்.

நிமிர்ந்தபோது மலர் முன்னால் நின்றாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் ரோல்ஸ் கொண்டுவந்த பை. அதற்குள் இருந்து ஆறு வெறும் சோயாப் பெட்டிகளை எடுத்து மேசையில் அடுக்கினாள்.

“குமார் அண்ணை, சோயாவில எந்த இடத்தில எலும்பு இருந்தது?”

குமார் அண்ணை கூரையை ஆராய்ந்தார். கழிவறை வரிசை கலைந்தது. மலர் என் பக்கம் திரும்பினாள்.

“இதைப் பிழிஞ்சு தந்தது ஆர்?”

“நான்தான்” என்றேன், கூடைக்குள் பார்த்தபடி.

பின்னாலிருந்து அபியின் குரல்: “அந்த லூசன் இஞ்சை நிக்கிறார்!”

பன்னிரண்டு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு மணிநேரம் நான் விளக்கியும் விளங்காத பாடம் அவர்களுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.

வெட்கத்தில் கந்தையா அண்ணை ஆண்டு விழாவை மட்டுமல்ல, அடுத்த சரஸ்வதி பூசையையும் மலரிடமே கொடுத்தார். அவள் தரை துடைக்கும் வேலையை விட்டாள். என்னை யாரும் மீண்டும் படிப்பிக்கக் கேட்கவில்லை.

மலர் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் தொடங்கிய கேலியை இன்றும் விடவில்லை. வீட்டில் ரோல்ஸ் செய்தால், தட்டுக்குப் பக்கத்தில் வெறும் சோயாப் பெட்டியையும் வைப்பாள்.

“சாட்சியார், வாசிச்சிட்டுச் சாப்பிடுங்கோ.”

அபியும் அவளுடைய பிள்ளைகளும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனாலும், யாரும் பார்க்காத நேரம், ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கடிக்கிறேன்.